பதிவேட்டைச் சலிக்கும் கிரெப்



ஜூலை மாதம் நம் கணினி ஆய்வகத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் செய்து வைத்திருந்த படங்கள் அடங்கிய கோப்புறை, மூலையில் இருக்கும் பழைய லினக்ஸ் கணினியிலிருந்து காணாமல் போச்சு. யாரோ அழிச்சுட்டாங்கன்னு ஒரே பேச்சு. அன்று மாலை யார் யார் அந்தக் கணினியில் உட்கார்ந்தார்கள் என்று பார்க்கச் சொன்னார் சார். "நான் பார்க்கிறேன் சார்" என்று முந்திக்கொண்டு போனவன் நான்தான். ஒரே ஒரு கட்டளை போட்டேன். விடை வந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு மணி நேரம் ஆய்வக வாசலில் நின்றான். அவன் ஒண்ணுமே பண்ணலை.

அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். நான் எங்கே தப்பு பண்ணினேன் என்று சொன்னால் அந்தக் கட்டளை உங்களுக்கும் புரிந்துவிடும். (கட்டளைகளைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் இருக்கிறது, கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.)

முதலில் பதிவேடு என்றால் என்ன? ஆங்கிலத்தில் இதை 'லாக்' என்பார்கள். லாக் என்றால் மரக்கட்டை. அந்தக் காலத்துப் பாய்க்கப்பலில், முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுதோ, அதுதான் கப்பலின் வேகம். கப்பல் வேகத்தை இன்றைக்கும் 'நாட்' கணக்கில் சொல்வது அதனால்தான், நாட் என்றால் முடிச்சு. அந்த வேகத்தை எழுதி வைத்த நோட்டு லாக் புக் ஆனது. ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும்.

கணினியும் அப்படி ஒரு நோட்டு எழுதுகிறது. யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், யார் கடவுச்சொல்லைத் தப்பா அடிச்சார், எல்லாமே நாள், மணி, நிமிடம், நொடியோடு ஒரு வரி. நாம் யாரும் உட்காராத நேரத்திலும் எழுதிக்கொண்டேதான் இருக்கும். லினக்ஸில் 'கிரான்' என்று ஒரு வேலையாள் உண்டு. நேரம் பார்த்துச் சில வேலைகளைத் தானே செய்வார், ஒவ்வொரு தடவையும் "வந்தேன், போனேன்" என்று இரண்டு வரி எழுதி வைப்பார். அதனால் சில வாரத்திலேயே கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வளர்ந்துவிடும். அதில் நமக்கு வேண்டியது ஆறு வரிதான். கண்ணால் தேடினால் கண் போயிடும்.

இதற்குத்தான் கிரெப். அரிசியைச் சல்லடையில் சலிப்பது போல, நாம் சொல்லும் வடிவம் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும், மற்றதை விட்டுவிடும். கோப்பு கெட்டுப் போகாது, எதுவும் அழியாது, தைரியமாக விளையாடலாம்.

இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் பெல் ஆய்வகம் என்ற இடத்தில் யூனிக்ஸ் உருவான சமயம். 'எட்' என்ற ஒரு பழைய எழுத்துத் திருத்தியில், "கோப்பு முழுக்கத் தேடு, இந்த வடிவம் உள்ள வரியை அச்சிடு" என்று சொல்ல ஜி, ஆர், இ, பி என்று எழுத வேண்டும். ஜி என்றால் குளோபல், ஆர்-இ என்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன், பி என்றால் பிரிண்ட். ஆனால் எட் முழுக் கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யும். பெரிய கோப்பு என்றால் அந்தக் காலத்துக் குட்டி நினைவகம் தாங்காது. கோப்புகளுக்குள் தேட ஒரு வழி வேண்டும் என்று டக் மெக்கில்ராய் கேட்க, கென் தாம்சன் தன் சொந்த உபயோகத்துக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சின்ன நிரலை ஒரே ராத்திரியில் தட்டிச் சரி செய்து மறுநாள் கொடுத்தாராம். 1973-ல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் அது இருந்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர்கூட மாறவில்லை.

சரி, என் தப்புக்கு வருவோம்.

அந்தக் கணினியில் நம் எல்லோருக்கும் மாணவர்1 முதல் மாணவர்20 வரை கணக்கு இருக்கிறது. கோப்புறை காணாமல் போனது ஜூலை 16. ஏதோ ஒரு சந்தேகத்தில் முதலில் மாணவர்1 என்று தேடினேன். அது என் தோழனுடைய கணக்கு. நான் அடித்தது இது:

கிரெப் -சி 'ஜூலை 16.*மாணவர்1' பதிவு

இதில் புள்ளி என்றால் "எந்த எழுத்தாக இருந்தாலும் சரி". நட்சத்திரக் குறி என்றால் "அதுக்கு முன்னாடி இருப்பது எத்தனை தடவை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி". இரண்டையும் சேர்த்தால் "நடுவில் எது வேணாலும் இருக்கட்டும்" என்று அர்த்தம். மைனஸ் சி என்றால் வரிகளைக் காட்டாதே, எத்தனை என்று எண்ணி மட்டும் சொல். திரையில் 6 என்று வந்தது. "சார், ஆறு தடவை உள்ளே வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆறு வரிகள் இவை (படிக்க எளிதாகச் சுருக்கி எழுதியிருக்கிறேன்):

ஜூலை 16 15:48:12 திறப்பு மாணவர்12
ஜூலை 16 16:04:30 மூடல் மாணவர்12
ஜூலை 16 16:05:02 திறப்பு மாணவர்17
ஜூலை 16 16:31:44 மூடல் மாணவர்17
ஜூலை 16 16:33:09 திறப்பு மாணவர்10
ஜூலை 16 16:50:51 மூடல் மாணவர்10

பார்த்தீங்களா? இதில் மாணவர்1 எங்கே? ஒரு வரியில்கூட இல்லை! ஆனால் 'மாணவர்12' என்பதற்குள் 'மாணவர்1' என்ற எழுத்துகள் இருக்கின்றன. 17-லும் இருக்கு, 10-லும் இருக்கு. கிரெப்புக்கு மாணவர் என்றால் என்ன, எண் என்றால் என்ன எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிந்தது எழுத்தின் வடிவம் மட்டும்தான். நான் கேட்ட வடிவம் அந்த வரிகளில் இருந்தது, எடுத்துக் கொடுத்தது. அது பொய் சொல்லவே இல்லை.

இன்னொரு தப்பும் உண்டு. திறப்பு ஒரு வரி, மூடல் ஒரு வரி. அதனால் 6 வரி என்றால் 3 தடவை வந்ததாகத்தான் அர்த்தம். அதையும் நான் பார்க்கவில்லை. மைனஸ் சி போடாமல் வரிகளைக் கண்ணால் பார்த்திருந்தாலே எல்லாம் தெரிந்திருக்கும். அவசரம்!

அவன் அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை. அம்மாவோடு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். வாசலில் நின்றுகொண்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், கணினியே சொல்லிவிட்டது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கடைசியில் வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். ஜூலை 16, வரவில்லை. பேனாவால் எழுதியதுதான்.

அதற்குப் பிறகு சார் என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் எடு என்று சொல்ல மைனஸ் டபிள்யூ:

கிரெப் -டபிள்யூ 'ஜூலை 16.*மாணவர்1' பதிவு

ஒன்றும் வரவில்லை. வெறும் திரை. அந்த வெறும் திரையைப் பார்த்தபோது எனக்கு வந்த கூச்சத்தை எழுத இந்தத் தாளில் இடமில்லை.

முழுச் சொல் என்று சொல்ல வேறு வழியும் உண்டு. வரியின் முடிவு என்பதற்கு டாலர் குறி ($), வரியின் ஆரம்பம் என்பதற்குக் கூரைக் குறி (^). 'மாணவர்1$' என்றால் வரி அந்த 1-லேயே முடிய வேண்டும், 12 மாட்டாது. நம் கோப்பில் பெயருக்குப் பிறகு வேறு எதுவும் வந்தால் இது உதவாது. அதனால் கோப்பில் நாலு வரியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் தேடுவதுதான் முறை.

கிரான் எழுதிய வரிகள் குப்பையாக வந்து விழுந்தால் மைனஸ் வி. "இது இல்லாத வரிகளைக் கொடு" என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்று சொல்ல மைனஸ் ஐ. கிடைத்த வரிக்குப் பின்னால் வரும் 2 வரியையும் சேர்த்துக் காட்ட மைனஸ் ஏ 2. இவையெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

முக்கியமான ஒன்று மைனஸ் ஓ. வரி முழுவதும் வேண்டாம், மாட்டிய துண்டு மட்டும் போதும் என்றால் இது. இதைக் குழாய்க் குறியோடு ( | ) சேர்த்தால் ரொம்ப அழகான வேலை செய்யலாம்:

கிரெப் 'ஜூலை 16' பதிவு | கிரெப் -ஓ 'மாணவர்[0-9]*' | சார்ட் | யூனிக் -சி

குழாய் என்றால், இந்தப் பக்கம் வந்ததை அடுத்த கட்டளைக்குத் திருப்பிவிடு. முதல் கிரெப் அன்றைய வரிகளை எடுக்கும். இரண்டாவது, அதிலிருந்து கணக்குப் பெயரை மட்டும் பிய்க்கும். சதுர அடைப்பில் உள்ள 0-9 என்பது "ஏதாவது ஒரு இலக்கம்". சார்ட் வரிசைப்படுத்தும். யூனிக் ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும். மாணவர்10 இரண்டு, மாணவர்12 இரண்டு, மாணவர்17 இரண்டு என்று மூன்றே வரியில் விடை. யார் பேரையும் முன்கூட்டியே சந்தேகப்படாமல், வந்தவர்கள் எல்லோரையும் கேட்கும் கட்டளை இது. நான் முதலில் போட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

சார்ட் எதுக்குன்னு கேட்பீங்க. யூனிக் பக்கத்துப் பக்கத்து வரியை மட்டும்தான் ஒப்பிடும். ஒரே பேர் தள்ளித் தள்ளி இருந்தால் தனித்தனியாக எண்ணிவிடும். அதனால் முதலில் வரிசைப்படுத்தணும்.

குழாயில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்மடையில் அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் கிரெப் தவறவிட்ட வரி, பின்னால் எத்தனை கட்டளை போட்டாலும் திரும்பி வராது. ஒரு உதாரணம்: பழைய பாணிப் பதிவேட்டில் தேதி ஒற்றை இலக்கமாக இருந்தால், மாதத்துக்கும் தேதிக்கும் நடுவில் இரண்டு இடைவெளி இருக்கும். 16-க்கு ஒரு இடைவெளி, 4-க்கு இரண்டு. நாம் ஒரு இடைவெளி விட்டு 'ஜூலை 4' என்று தேடினால் ஒன்றுமே வராது. அன்றைக்கு யாருமே வரவில்லை என்று நினைத்துக்கொள்வோம்!

இதே மாதிரி ஒன்று, நம் சுற்றுச்சூழல் மன்றத்தின் மழைக் குறிப்பேட்டைத் தட்டச்சு செய்தபோதும் நடந்தது. முன்பு படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் தினமும் மழைமானி பார்த்து எழுதியது. ஒரு நாளுக்கு ஒரு வரி, தேதி முதலில். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அதைச் சுற்றி ஐந்து நாளை எடுக்க நினைத்து '^2018-11-1[4-8]' என்று தேடினேன். சதுர அடைப்பில் 4-8 என்றால் 4 முதல் 8 வரை ஏதாவது ஒன்று, ஆகவே 14 முதல் 18 வரை. வந்தது இரண்டே வரி, 14-ம் 15-ம். வடிவம் தப்போ என்று மூன்று தடவை பார்த்தேன். தப்பில்லை. அந்த நாட்களில் நோட்டில் எழுத ஆளே இல்லை! மரம் விழுந்து, கரண்ட் இல்லாமல், வீட்டுக் கூரை போய் எல்லாரும் கிடந்த நேரத்தில் யார் மழைமானி பார்ப்பார்கள்? அந்த நாட்களுக்கு வரி இல்லை என்பதற்கு மழை இல்லை என்று அர்த்தமா?

தமிழில் தேடும்போது இன்னும் இரண்டு சங்கடம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழில் தேடினால் ஒரு வரிகூட வராது. யூனிகோடில் இருந்தால் வரும். யூனிகோடிலும் 'கோ' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு: க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. சில மென்பொருள்கள் அந்தக் குறியையும் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று உடைத்து மூன்றாக வைத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே 'கோ'. கிரெப்புக்கு வேறு வேறு. 'கோடியக்கரை' என்று தேடிப் பாதி வரிதான் கிடைத்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பதிவேட்டை ஒழுங்காகப் படித்து ஒருவர் என்ன சாதித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986 ஆகஸ்டில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் உண்டு. அந்தக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. நம்ம ஊர்ச் சில்லறை மாதிரிதான். விட்டுவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. பதிவேடுகளைப் பார்த்தால், பணம் கட்ட ஆளே இல்லாத ஒரு கணக்கு சில நொடிகள் கணினியைப் பயன்படுத்தியிருந்தது. யாரோ திருட்டுத்தனமாக நுழைகிறார்! நுழைந்தவர் பதிவேட்டையே திருத்தி விடலாம் என்பதால், ஸ்டால் அங்கங்கே அச்சுப்பொறிகளைக் கடன் வாங்கிவந்து தொலைபேசி இணைப்புகளில் மாட்டி, வந்து போவதை எல்லாம் காகிதத்தில் அச்சடிக்க வைத்தார். காகிதத்தை யார் தூரத்திலிருந்து அழிக்க முடியும்? பல மாதம் விடாமல் பின்தொடர்ந்ததில், அந்த ஆள் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்று தெரிந்தது. அமெரிக்க ராணுவக் கணினிகளில் புகுந்து எடுத்த தகவலைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். 1990-ல் தண்டிக்கப்பட்டார். ஸ்டால் இதை 1989-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். எனக்கு இதில் பிடித்தது, அவர் முதலில் யார் பெயரையும் சொல்லவில்லை. 75 சென்ட் ஏன் இடிக்குது என்று மட்டும்தான் கேட்டார்.

இந்தியாவிலும் இப்போது இது சட்டமாகவே வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவேடுகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், திருட்டு நுழைவு போன்றவை தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வைத்திருந்தால் போதுமா, அதில் தேடத் தெரிந்த ஆள் வேண்டாமா? அதனால் இதைக் கற்றுக்கொண்டால் பின்னால் வேலைக்கும் உதவும் என்கிறார் சார்.

வீட்டில் பழகிப் பார்க்க ஆசையா? 2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. உங்க அக்கா, அண்ணன் வாங்கிய மடிக்கணினி பரணில் கிடந்தால் தூசி தட்டித் திறந்து பாருங்கள், டெர்மினலில் கிரெப் காத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் மட்டும் இருந்தால் கட்டளைத் திரையில் 'ஃபைண்ட்ஸ்ட்ரிங்' என்பதைச் சுருக்கி 'ஃபைண்ட்-எஸ்-டி-ஆர்' என்று ஒன்று உண்டு, ஓரளவுக்கு இதே வேலை செய்யும்.

ஆமாம், கோப்புறை என்ன ஆச்சு? அழியவே இல்லை. 'பழைய படங்கள்' என்ற இன்னொரு கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மவுஸால் இழுக்கும்போது யார் கையாவது நழுவியிருக்கும். நாங்கள் தேடிய பதிவேட்டில் யார் வந்தார், போனார் என்பது மட்டும்தான் இருக்கும், யார் எதை நகர்த்தினார் என்பது அதில் இருக்கவே இருக்காது. இல்லாததை அதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்! கோப்புறையைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? வாசலில் நின்றவன்தான்.

உங்களுக்கு ஒரு சின்னப் புதிர்:

ஜூலை 17 15:50:07 திறப்பு மாணவர்2
ஜூலை 17 16:02:20 மூடல் மாணவர்2
ஜூலை 17 16:03:00 திறப்பு மாணவர்20
ஜூலை 17 16:17:45 மூடல் மாணவர்20
ஜூலை 17 16:20:12 திறப்பு மாணவர்12

'மாணவர்2' என்று தேடினால் எத்தனை வரி வரும்? 'மாணவர்2$' என்றால் எத்தனை? '2$' என்று மட்டும் போட்டால்? விடையைப் பெயர், வகுப்போடு எழுதி ஆய்வகக் கதவில் தொங்கும் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில். விடைத்தாள்களைத் திருத்தப் போவது என் தோழன், நான் இல்லை.

- பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு